இரண்டு நிமிட விதி

தொண்ணூற்று நான்கு சதவீதம். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் ஹரிப்ரியா. ஆந்திராவில் புத்தூருக்கு வெளியே ஒரு தனியார் டிகிரி காலேஜில் புள்ளியியல் நடத்துகிறேன். மற்றவர்கள் எல்லோரும் நைசாக நழுவிக்கொண்டதால் திட்டமிடல், ஆன்லைன் கல்வி என்ற இரண்டு பொறுப்புகளும் என் தலையில் விழுந்தன. விழுந்தது என்று வெளியில் சலித்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எண்கள் என்றால் எனக்கு உயிர்.

எங்கள் காலேஜில் ஞாயிறு பேட்ச் என்று ஒரு பி.காம். வகுப்பு உண்டு. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரே ஃபேக்டரியில், ஒரே ஷிப்டில் வேலை செய்கிற நாற்பத்தோரு பேர் அதில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் வகுப்பு. மீதியெல்லாம் வீடியோ பாடம். யார் எத்தனை பாடம் பார்த்தார்கள் என்று ஆப் கணக்கு வைக்கும், அந்தக் கணக்கு காலேஜுக்கு மட்டும்தான் தெரியும். அறுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது.

போன வருடம் அந்த பேட்சின் சராசரி வெறும் இருபது. ஒரே போனில் பத்துப் பேர் எட்டிப் பார்த்தால் ஆப்புக்கு அது ஓர் ஆள்தான். பேட்சை மூடிவிடலாம் என்றது காலேஜ் கமிட்டி. நான் விடவில்லை. பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதி, ஃபேக்டரியிடம் பேசி, ஆளுக்கொரு டேப்லெட், அதாவது டேப், வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஒரு விதியையும் நானே எழுதிச் சேர்த்தேன். பாடத்தைத் திறந்து நிறுத்திவிட்டுச் சமைக்கப் போகிறவர்களைப் பிடிப்பதற்காக. வீடியோவை இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் அந்தப் பாடம் கணக்கில் வராது. விதி தெரிந்தால் தப்பிக்க வழி தேடுவார்கள் என்று மாணவர்களிடம் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

இந்த வருடம் சராசரி தொண்ணூற்று நான்குக்கு ஏறியது. பிரின்சிபால் சுதீர் சார் என் அறைக்கே வந்து கை கொடுத்தார். இதே ஏற்பாட்டை ஐந்து கிளைகளுக்கும், மூவாயிரம் மாணவர்களுக்கும் கொண்டுபோகும் ஐந்தாண்டுத் திட்டத்தைத் திருப்பதியில் நடக்கும் கமிட்டிக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டும். ஐந்து கிளைக்கும் நான்தான் பொறுப்பாளர் என்றும் பேச்சு.

ஒரே ஒருத்திதான் என் எண்ணைக் கெடுத்தாள். தேன்மொழி, பன்னிரண்டு சதவீதம். கடைசி வருடப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தடைப் பட்டியல் போட்டேன். அதில் அவள் பெயர் மட்டும். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அதே பேட்சைச் சேர்ந்த லோகேஸ்வரன் போன் செய்தான். "மேடம், தேன்மொழி அக்கா ஹால் டிக்கெட்ட நிறுத்திட்டீங்களாமே? அடுத்த மாசம் லைன் சூப்பர்வைசர் வேலைக்குப் பேர் அனுப்பறாங்க, டிகிரி இருந்தாத்தான் அக்கா பேரு போவும்."

"பாடம் பார்க்கலைன்னா நான் என்னப்பா பண்றது?"

"நீங்க ஒரு தபா எங்க பஸ்ல வந்து பாருங்க மேடம். அதுக்கு அப்புறம் சொல்லுங்க" என்றான்.

கூட்டத்தன்று போனேன். கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்குத்தான். காலை ஐந்தேகாலுக்குப் புத்தூரில் கம்பெனி பஸ் ஏறினேன். டிரைவர் பாலையா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டுக்கு முன்னாடியே எறங்கிடணும் மேடம். செக்யூரிட்டி பாத்தா என்னைத் தொலைச்சிடுவான்" என்றார். கடைசி சீட்டில் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாராயணவனம் தாண்டி, பிச்சாட்டூரில் பஸ் நிறைந்தது. ஏறிய ஒவ்வொருவரும் தன் டேப்பை முன் சீட்டில் இருந்த பிரீத்தி என்ற மாணவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொன்றிலும் பாடத்தைத் தட்டிவிட்டு, சத்தத்தை அடைத்து, காலடியில் இருந்த கட்டைப்பைக்குள் அடுக்கினாள். கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி அவ்வளவு சாவகாசமாக. நாற்பது டேப்பும் பைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து, யாரும் பார்க்காமல், யாருக்கும் கேட்காமல் பாடம் நடத்தத் தொடங்கின. என் தொண்ணூற்று நான்கு சதவீதம் அந்தப் பைக்குள் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் தேன்மொழி எழுந்து நின்றாள். வயது இருபத்தாறு, ஒல்லியான உடம்பு, நீல யூனிஃபார்ம். தன் டேப்பை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் மாட்டினாள். ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தாள். பஸ் முழுக்க ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்! ஆங்கிலத்தில், திட்ட விலக்கம் என்றால் என்ன என்று நான் கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேன்மொழி என்னை நிறுத்தினாள்.

"இங்க மேடம் மூச்சு வுடாம போறாங்க. நாம கொஞ்சம் நின்னு போலாம்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம், வாய் வரவில்லை.

"நம்ம ரெண்டாவது லைன எடுத்துக்கோங்க. ஒரு மணிக்கு தொண்ணூத்தெட்டு பீஸ், அடுத்த மணிக்கு நூத்திரண்டு, அப்புறம் நூறு. மூணாவது லைன்ல நாப்பது, நூத்தறுபது, நூறு. சராசரி எவ்ளோ?"

"ரெண்டுக்கும் நூறு."

"அப்போ சூப்பர்வைசர் யார்கிட்ட வந்து கத்துவான்?"

"மூணாவதுகிட்ட!"

"ஏன்? சராசரி ஒண்ணுதானே?"

நடு சீட்டில் இருந்த பக்கிரிசாமி என்ற ஐம்பது வயது மாணவர் சொன்னார்: "எப்ப என்ன வரும்னு தெரியாதே, அதான்."

"அதேதான் மாமா. அது எவ்ளோ தள்ளித் தள்ளிப் போவுதுன்னு அளக்கறதுதான் இந்தக் கணக்கு. இப்ப மேடம் போர்டுல என்னா போட்றாங்கன்னு பாப்போம்."

மறுபடி என்னை ஓடவிட்டாள். என்னுடைய இரண்டு வாக்கியத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது பதினோரு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிட நிறுத்தம், பாடம் கணக்கில் வராது. பைக்குள் ஓடுவது கணக்கில் வரும். புரிய வைப்பதற்காக நிறுத்துகிறவளைப் பிடித்துத் தண்டிக்கிற ஒரு விதியை உலகத்திலேயே நான் ஒருத்திதான் இவ்வளவு அழகாக எழுதியிருப்பேன் என்று தோன்றியது. கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கேட்டுக்கு முன்னால் நான் இறங்கியபோது தேன்மொழியும் கூட இறங்கினாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பதறவில்லை.

"மொதல்ல ஆளுக்கொரு டேப்லதான் மேடம் பாத்தோம், ஹெட்போன் மாட்டிக்கினு. முதல் டெஸ்ட்ல பதினேழு பேர் ஃபெயில். பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்கறவனுக்கு எங்க புரியலன்னே எங்களுக்குத் தெரியல. அதான் பழையபடி ஒண்ணா பாக்க ஆரம்பிச்சோம். ஆனா டேப் ஓடலன்னா பேட்ச மூடிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான்.

"உன் டேப்பையும் வீட்டுல ஒரு தடவை ஓடவிட்டிருக்கலாமேம்மா."

"என்னுது தினம் ஓடிக்கினுதானே மேடம் இருக்குது? எனக்கு எப்படித் தெரியும்?"

விதியைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஓ, அதானா" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கமிட்டியில பேசறேன்" என்றேன்.

"வேணாம் மேடம். பையப் பத்தித் தெரிஞ்சா நாப்பது பேரும் மாட்டிப்பாங்க. நான் அடுத்த வருசம் எழுதிக்கறேன்."

"டிகிரி இருந்தாத்தான் லைன் சூப்பர்வைசர் வேலைக்குப் பேர் போகும்னு லோகேஸ்வரன் சொன்னானே? அடுத்த மாசம்தானே அது?"

"அது நமக்காக நிக்குமா?" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்கு பஸ் பிடித்தேன். வழி நெடுக யோசனை. விதியை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் தேன்மொழிக்கு ஹால் டிக்கெட் கிடைத்துவிடும். பையைப் பற்றி வாயைத் திறக்கத் தேவையில்லை. தொண்ணூற்று நான்கும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். ஆனால் அப்புறம் மூவாயிரம் பேருக்கு டேப்பும் ஹெட்போனும் கொடுத்து, பக்கத்தில் இருப்பவனுக்கு எங்கே புரியவில்லை என்று தெரியாமல் உட்கார வைப்பதும் நானாகத்தான் இருக்கும். சொன்னால் பேட்ச் போகலாம். சொல்லாவிட்டால் பொய் ஐந்து கிளைக்கும் பரவும். பயமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு ஹோட்டல் ஹாலில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பையையும் சேர்த்து. சுதீர் சார் முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், இதையெல்லாம் நாம தனியா பேசியிருக்கலாம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

சேர்மன் கிருஷ்ணப்பா சித்தூரில் கிரானைட் தொழில் செய்பவர். அதிகம் பேசமாட்டார். "அந்த பேட்ச் கடைசி டெஸ்டில் எப்படி?" என்று தெலுங்கில் கேட்டார்.

"நாற்பத்தோரு பேரும் பாஸ் சார். ஐந்து கிளையிலும் வேறு எந்த பேட்சிலும் அப்படி இல்லை."

"வீடியோ நடத்தலை. டேப் நடத்தலை. அப்போ இவங்களுக்கு நடத்தினது நம்ம லெக்சரர்ல யாரு?"

"நம்ம லெக்சரர் இல்லை சார். உங்க முன்னால இருக்கிற தடைப் பட்டியல்ல இருக்காங்க. ஒரே பேருதான்."

அவர் தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். பெயரை வாய்விட்டுச் சொன்னார். பிறகு தாளின் அடிப்பக்கம் போய், "கையெழுத்து உங்களுதா?" என்றார்.

"ஆமாம் சார்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு பரீட்சை எழுதட்டும். மத்தவங்களும் எழுதட்டும். ரிசல்ட் வந்த பிறகு பேட்சைப் பற்றிப் பேசலாம். ஐந்து கிளைத் திட்டம் இப்போ வேண்டாம்" என்றார். பொறுப்பாளர் பேச்சும் அதோடு போயிற்று. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு நிமிட விதியைத் தேடி எடுத்து நீக்கினேன். ஆப் எல்லாருடைய கணக்கையும் புதிதாகப் போட்டது. தேன்மொழிக்கு நூறு வந்தது. பக்கத்துக் கட்டத்தில் இன்னோர் எண் இருந்தது, பாடம் திறந்திருந்த நேரம். அந்தக் கட்டத்தை நான் இதுவரை படித்ததே இல்லை.

வீடியோக்களின் மொத்த நீளம் ஐம்பத்தெட்டு மணி நேரம். தேன்மொழியிடம் அவை திறந்திருந்தது நூற்று நாற்பத்தொன்பது மணி நேரம். கழித்துப் பார்த்தேன். தொண்ணூற்றோரு மணி நேரம் அவள் வீடியோவை நிறுத்தி, ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி பாடம் நடத்தியிருக்கிறாள். அந்த செமஸ்டரில் அந்த பேட்சுக்கு நான் நேரில் எடுத்த வகுப்பு மொத்தம் இருபத்தெட்டு மணி.

வெட்கமாக இருந்தது. ரிசப்ஷனில் கேட்டு ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, அவள் பெயருக்குக் கீழே, ஆசிரியர் என்று போட்டிருந்த இடத்தில், என் கையெழுத்தைப் போட்டேன்.