ஏழாம் நம்பர் லயத்துக் கடலை வண்டி

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், புஷ்பம் அக்காவின் கடலை வண்டிக்கும் என் குடை திருத்தும் பெட்டிக்கும் நடுவில் நாலடி இடம். அந்த நாலடியில் நின்றுதான் பதினொரு வருஷமாக, நாங்கள் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மாநகர சபைப் பரிசோதகர் தினமும் ஒரு சுருள் கடலை தின்றார். காசா? சே சே, அதெல்லாம் கேட்கலாமா, பெரிய மனுஷன்! தேங்காய்ச் சொட்டு குறைந்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்.

போன வருஷம் ஜூன் மாதம், வாயில் கடலையோடு அக்காவிடம் ஒரு படிவத்தை நீட்டினார். அவர் சிங்களத்தில் பேசினால் எங்களுக்கு நன்றாக விளங்கும். அன்றைக்கு மரியாதைக்குத் தமிழில் பேசித் தொலைத்தார்.

"அக்கா, இனி லைசன் வேணும். இல்லாட்டி வண்டி தூக்கும்."

"பெரஹராவுக்கு முந்திக் கெடைச்சிருமா மாத்தயா?" என்று அக்கா கேட்டார்.

அவருக்கு அது ஒன்றுதான் கவலை. வீட்டுக் கூரைத் தகரம் முழுக்க ஓட்டை. பெரஹரா ஊர்வலம் பார்க்க ஊரே திரளும் ஆகஸ்ட் நாட்களில் ஓய்வில்லாமல் விற்றால்தான் அக்டோபர் மழைக்கு முந்திப் புதுத் தகரம் போட முடியும். இல்லையென்றால் அவரும் மகள் யசோதினியும் போன மழையில் செய்தது போலவே வீடெல்லாம் சட்டி வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டியதுதான்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். அதில் 'விலாசம்' என்று ஒரே ஒரு கட்டம். நாங்கள் இருப்பது மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகள்; அதற்கு விலாசம் என்று ஒன்றை யாரும் கேட்டதே கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, கிளாக்கர் ஐயாவுக்கு மனசு வந்தால் எங்களிடம் சேரும். ஒரு கடதாசி இவ்வளவு மரியாதையாகக் கேட்டதும் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாப் பெருசா எழுது மோகனராஜ்," என்றார். ஹந்தானை, ஏழாம் நம்பர் லயம் என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். என் கையை உடைக்க வேண்டும்.

ஜூலையில் பதில் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மேற்படி விலாசத்தில் வண்டி பரிசோதிக்கப்படும். வண்டியோ ராத்திரியில் கீழே டவுனில் ஆகிப் நாநாவின் துணிக்கடைக்குப் பின்னால் தூங்குகிற வண்டி. பிறந்ததிலிருந்து மலை ஏறியதே இல்லை. மாநகர சபை ஆபீசுக்குப் போய், வண்டி நிற்பது பஸ் நிலையத்தில் என்று சொன்னோம். "விலாசம் எழுதினது நீங்கதானே?" என்றார்கள்.

வியாழன் விடிந்ததும் ஆறு பேர் சேர்ந்து வண்டியை மலைமேல் தள்ளினோம். பத்தடிக்கு ஒரு தரம் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பாதி வழியில் ஒரு லொறி வந்து நின்றது. அதே ஆபீசின் லொறிதான்.

"லைசன் எங்க?"

"அதை எடுக்கத்தாங்க போறோம்!"

லைசன் இல்லாத வண்டி ரோட்டில் நிற்கக் கூடாதாம். தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா ரோட்டோரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பரிசோதகர் மாத்தயா என்ன செய்தார் தெரியுமா? லொறி ஏறின மலையில் ஜீப் ஏறாது என்று சொல்லி அடிவாரத்திலேயே திரும்பி, 'வண்டி அவ்விடத்தில் காணப்படவில்லை' என்று எழுதி வைத்தார். சத்தியமான மனுஷன்!

மூன்று வாரம் அலைந்தோம். கடைசியில், பிடித்த வண்டிகளைப் போட்டிருக்கும் முற்றத்திலேயே பரிசோதனை நடந்தது. வண்டி பளபளவென்று இருக்கிறது என்று பாஸ் பண்ணிவிட்டார்கள். பெரஹராவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது லைசன் கைக்கு வந்தது. வாசித்துப் பார்த்தேன். வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட இடம்: ஹந்தானை, ஏழாம் நம்பர் லயம்.

"மாத்தலாம், அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பிச்சா," என்றார்கள். அந்த இடத்தை விட்டு வேறெங்கே நின்றாலும் வண்டியைத் தூக்கிவிடுவார்களாம், திரும்பத் தரமாட்டார்களாம்.

மறுபடியும் ஆறு பேர், மறுபடியும் கல். இந்தத் தடவை அதே லொறி எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது. சட்டப்படி போகிறோம் அல்லவா! அக்கா லைசனுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். லயத்து வாசலில் வண்டியை நிறுத்திக் கடலை வதக்கினார். வாங்க வந்தது பக்கத்துக் காம்பரா சுப்பம்மா ஒருத்திதான். அவளிடம் எப்படிக் காசு வாங்குவது? மூன்றாம் நாள் அக்கா கூடையை மாட்டிக்கொண்டு நாள்கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். கண்டி முழுக்க ஜனம் நெரிந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் பரிசோதகர் மாத்தயா பெண்சாதி பிள்ளைகளோடு வந்து, அந்த நாலடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கடலை அக்கா எங்க?"

"அவங்க இப்ப சட்டப்படி யாவாரம் பண்றாங்க மாத்தயா. நீங்கதானே எடம் குடுத்தீங்க! ஹந்தானைக்குப் போங்க, ஏழாம் நம்பர் லயம். ஜீப் ஏறாது, நடந்துதான் போகணும்."

அவர் மலையைப் பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார். பிறகு என் பெட்டியை நிதானமாகப் பார்த்தார்.

"உங்க குடைக்கு லைசன் இருக்கா?"

அவர் சட்டைப்பையிலிருந்து அதே படிவம் வந்தது. பெயர் எழுதினேன், தொழில் எழுதினேன். விலாசம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. நானும் ஏழாம் நம்பர் லயம்தான்.

'பஸ் நிலையம், புஷ்பம் அக்காவின் வண்டி நின்ற இடத்திலிருந்து நாலடி' என்று எழுதிக் கொடுத்தேன்.