பெரிதாக்கு என்றொரு பொத்தான்

1.
இந்தக் கதைக்கு மூலம் இடுப்பு வலி. ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வந்த வலி. எழுதுகிறவனின் அப்பா மூட்டை தூக்கியவர், கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கதாநாயகன் கிளவுடில் சர்வர் பார்க்கிறவன். அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கோ வாடகைக்கு எடுத்த கணினி, அவ்வளவுதான். (எழுதுகிறவனும் கதாநாயகனும் ஒரே ஆள். கடைசிவரை மறைக்க நினைத்தான். துப்பில்லை.)

2.
தொடக்கம்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவன்

வேண்டாம். மழையே இல்லை.

மறுபடி: வேலையில் காயம்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கும் இணையதளம், கடைசி நாளில் திணறியது. மேலாளர் வந்து நின்றார்.

"சர்வரைப் பெரிசாக்கிடுப்பா. ஒரு கிளிக்தானே?"

"ஆமா சார். ஒரு கிளிக்தான்."

அமுக்கினான். அளவை மாற்றினால் சர்வர் அணைந்து வேறொரு இயந்திரத்தில் எழும். தற்காலிக டிஸ்கில் இருப்பதெல்லாம் பழைய இயந்திரத்தோடு போய்விடும். அந்த டிஸ்கிலேயே ஒரு எச்சரிக்கைக் கோப்பு உண்டு: இங்கே எதையும் சேமிக்காதீர்கள். அதற்குப் பக்கத்தில்தான் 614 பேர் அனுப்பிய மருத்துவச் சான்றுகள் இருந்தன.

3.
பழி போட ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. தளத்தை உருவாக்கிய அக்காவைக் கதைக்குள் இழுத்தான். வயது பாராமல் அலுவலகமே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"நானாடா அங்க வெச்சேன்?"

"கதைக்குத்தான்க்கா."

"சும்மா ரெண்டு நாளைக்கு அங்க வைங்க, வேகமா இருக்கும்னு சொன்னது யாரு? உன் கதைல உன்னையே போடு."

அக்கா எழுந்து போய்விட்டார். நாற்காலி காலி.

4.
முடிவுகள்.

அ) பேக்கப்பிலிருந்து எல்லாம் திரும்பக் கிடைத்தன. (தற்காலிக டிஸ்குக்கு யாரும் பேக்கப் எடுப்பதில்லை.)

ஆ) மேலாளர் பொறுப்பேற்றுக்கொண்டார். (இது யதார்த்தக் கதை.)

இ) தளத்தில் அறிவிப்பு வந்தது: 'விண்ணப்பதாரர்கள் உரிய சான்றுகளை இணைக்காததால் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன.' வாசகம் மேலாளருடையது. ஏற்றிய கை கதாநாயகனுடையது. நடந்தது இதுதான்.

மறுநாள் ஒருவர் போன் செய்தார். இயந்திரத்தில் இரண்டு விரல் போனவர்.

"தம்பி, எல்லாச் சான்றும் அனுப்பினேனே. எங்க தப்பு பண்ணினேன்?"

"பாத்துச் சொல்றேண்ணே."

"சரிப்பா. நான் லைன்லயே இருக்கவா?"

"வேணாண்ணே. நானே கூப்பிடறேன்."

5.
இதற்குமேல் எழுதுகிறவனிடம் சரக்கில்லை. வேறு முடிவு வேண்டுமென்றால் வாசகர் எழுதிக்கொள்ளலாம். சான்றுகள்தான் போயின, பெயர்களும் போன் எண்களும் பத்திரமாக இருக்கின்றன.

'தப்பு உங்களுடையதில்லை, என்னுடையது.' 614 பேருக்கு இதைச் சொல்ல வேண்டியது பாக்கி.