இரண்டாம் சுற்று

மைக்கை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு அருமைநாதன், “எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்கோ, துவங்கப்போகுது” என்றார்.

மொன்ட்ரியால் நகரின் வில்லரேயில் அவர்களுடைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், இரவு வேலைக்குப் போகும் வழியில் சாப்பாட்டுப் பையோடு வந்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டுவிட்டதால் சும்மா வந்து ஓடித் திரிகிற பிள்ளைகள். சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஓடியது. முன்வரிசை நடுவில், ஆறடி ஏழு அங்குல உயரத்தை ஒரு பிளாஸ்டிக் கதிரைக்குள் மடித்துக்கொண்டு டினோஜன் இருந்தான். பக்கத்தில் அம்மா மாக்கிரட். மைக்கோடு நின்ற அருமைநாதன் அவனுடைய அப்பா. என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் ஒவ்வொரு வருடமும் புது ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்கிற டிராஃப்டின் இரண்டாம் நாள் அது. தங்கள் பங்குப் பிள்ளையின் பெயர் வாசிக்கப்படுவதைப் பார்க்கத்தான் இவ்வளவு பேரும் வந்திருந்தார்கள்.

அந்தப் பெயர் வராது என்பது டினோஜனுக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்பே அவன் டிராஃப்டிலிருந்து விலகிவிட்டான்.

எல்லைக்கு அப்பால் நியூயோர்க் மாநிலத்தில், ஒரு சிறிய பல்கலைக்கழகத்துக்கு மூன்று வருடமாக விளையாடிக்கொண்டிருந்தவன், ஏப்ரலில் பெயர் கொடுத்திருந்தான். மே மாதம் ஒரு அணி அவனுடைய ஆட்டத்தைப் பார்ப்பதற்குக் கூப்பிட்டது. அங்கே போய் அரை நாளிலேயே விளங்கிவிட்டது. தன்னைவிட மூன்று வயது குறைந்த ஒருவன், தன் தலைக்கு மேலால் எழும்பிப் பந்தைப் போட்டுவிட்டு, மூச்சுக்கூட வாங்காமல் திரும்பி ஓடினான். அவனை மறிக்க வேண்டும் என்று இவனுடைய மூளை சொன்னபோது அவன் மறுபக்கம் போய்ச் சேர்ந்திருந்தான். பொறுப்பாக இருந்த மனிதர் தோளில் கைபோட்டு, நல்ல பிள்ளை நீ, படிப்பை முடி என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். குறித்த நாளைக்கு முன் விலகினால் இன்னொரு வருடம் உதவிப்பணத்தோடு விளையாடலாம் என்று அவனுடைய பயிற்சியாளர் சொன்னார். விலகினான்.

மொன்ட்ரியாலுக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க ஒரே வசனத்தைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அப்பா, நான் இந்த முறை விலகீட்டன். அவ்வளவுதான். அப்பா பெரி வீதிப் பஸ் நிலையத்துக்குக் காரோடு வந்திருந்தார். பையைப் பின்னால் வைத்துவிட்டு ஏறி இருந்ததும், “கோயில் ஹோல் புக் பண்ணியாச்சுத் தம்பி” என்றார் அவர். “ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில சுவாமி அறிவிச்சவர். எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. அம்மா அழுது போட்டா.” சென்-டெனி வீதி நெடுகிலும் டினோஜன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைத்தான்.

இப்போது மண்டபத்தில் அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். கோயிலில் வாசகம் வாசிக்கக் கேட்டாலே குரல் நடுங்குகிற மனிதர். ஆனால் கடந்த சில வாரங்களாக மருந்துக் கொம்பனி வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் மெட்ரோவிலும் இந்த டிராஃப்டின் சரித்திரத்தைப் போனில் தேடித் தேடி வாசித்திருந்தார்.

“இது நாப்பத்தேழாம் ஆண்டு துவங்கினது. ஆர் மோசமா விளையாடித் தோத்த ரீமோ, அவைக்குத்தான் நல்ல பொடியனை முதல் எடுக்கிற உரிமை. தோத்தவைக்கு முதல் பந்தி.” சபை சிரித்தது. “முந்தி கடைசி ரெண்டு ரீமும் காசு சுண்டிப் பாக்கிறது, ஆர் முதல் எண்டு. பேந்து, வேணுமெண்டே தோக்கிறாங்களோ எண்டு சந்தேகம் வந்து சீட்டுக் குலுக்கத் துவங்கினவை. அந்தக் காலத்தில சுற்றுக்கும் கணக்கில்லை. ஒருக்கா இருபத்தொரு சுற்று நடந்திருக்கு! எடுக்க ஆளில்லை எண்டு களைச்சுப்போய் நிப்பாட்டும்வரைக்கும் எடுப்பினம். ஒரு பொம்பிளைப் பிள்ளையை எடுத்திருக்கினம். கூடைப்பந்துக்காரனே இல்லாத, ஓட்டப் பந்தயம் ஓடுற ஒருத்தரை எடுத்திருக்கினம். இப்ப ரெண்டே ரெண்டு சுற்றுத்தான். நேற்று முதலாவது. இண்டைக்கு ரெண்டாவது.”

திரையில் ஒருவர் வந்து ஒரு பெயரை வாசித்தார். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழ, உயரமான ஒருவன் அவளைக் குனிந்து கட்டிப்பிடித்தான். மண்டபத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். தெரியாத பிள்ளைகளுக்காகவும் அவர்கள் மனதாரத் தட்டியதுதான் டினோஜனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கு முன்பும் மண்டபம் மூச்சைப் பிடித்தது. அம்மாவின் கை கைப்பைக்குள் இருந்தது. உள்ளே செபமாலை உருள்வது அவனுக்குத் தெரிந்தது. அவனுடைய புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி நனைந்து ஒட்டியது. எழும்பி நின்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒருமுறை காலை ஊன்றியும் பார்த்தான். அதற்குள் அப்பா, “அடுத்தது வரமுதல் இன்னொரு விசயம் சொல்லுறன்” என்று தொடங்கிவிட்டார்.

பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்த றெனோல்ட்தான் கேட்டான். சின்ன வயதில் டினோஜனோடு திருப்பலியில் பீடப்பணி செய்தவன்.

“டேய் டினோ, உன்ர பேரை இதில காணேல்லையே. எடுக்கக்கூடிய ஆக்கள் எல்லாற்ற பேரும் கிடக்கு, நீ இல்லை.”

சுற்றிவர இருந்த தலைகள் திரும்பின. டினோஜன் வாயைத் திறந்தான்.

“அது பழசு றெனோல்ட்,” என்று மைக்கில் அப்பாவின் குரல் கேட்டது. “போனை மூடிப்போட்டு முன்னால பார். போனைப் பாக்கிறதெண்டா வீட்டிலயே இருந்திருக்கலாமே.”

மண்டபம் சிரித்தது. றெனோல்டும் சிரித்துக்கொண்டு போனை வைத்தான். டினோஜன் மட்டும் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஒரு பட்டியலையும் பார்த்திருக்கவில்லை. றெனோல்ட் எதைப் பார்க்கிறான் என்று கேட்கவும் இல்லை. அவ்வளவு கெதியாகப் பதில் வந்தது. இருவருடைய கண்களும் சந்தித்தன. களவில் பிடிபட்டவரைப் போல அப்பாதான் முதலில் பார்வையை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. திரையில் விளம்பரம் வந்தாலும் கதைத்தார், பெயர் வாசிக்கப்பட்டதும் கதைத்தார், சொன்னதையே திரும்பவும் சொன்னார். தெரிவாகாமலே போய்ப் பிறகு பெரிய ஆட்டக்காரர்களாக வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையை மைக் பிடித்த கையாலேயே துடைத்தார், ஒலிபெருக்கி கரகரத்தது. முன்வரிசையில் இருக்கும் தன்னை ஒருவரும் பார்க்காமல் இருக்கத்தான் இந்த மனிதர் இப்படிக் கதைக்கிறார் என்று டினோஜனுக்கு விளங்கியபோது, அவனால் தலையை நிமிர்த்தி வைத்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா அதைக் கவலை என்று நினைத்து அவனுடைய முதுகைத் தடவிவிட்டாள்.

கடைசிப் பெயரும் வாசிக்கப்பட்டது. கை தட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. யாரோ திரையை நிறுத்தினார்கள்.

பிறகு எல்லாரும் வந்தார்கள். அப்பாவின் கூட்டாளி கிறகரி அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு தூரம் எங்கட ஆக்களில ஆர் போனது? நீ தலை குனியாதை” என்றார். மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அன்ரி அவனுடைய தலைக்குக் கை எட்டாததால் நெஞ்சில் சிலுவை வரைந்தாள். ஒவ்வொருவருக்கும் அவன் தாங்க்யூ சொன்னான். அவை ஒவ்வொன்றும் ஒரு பொய்யாகப் போய்ச் சேர்ந்தது.

மண்டபம் காலியானதும் அவன் குசினிக்குள் போனான். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கேத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எப்ப தெரியும்?”

“போன கிழமை. உன்ர கோச் போன் எடுத்தவர். நீ திரும்பி வாறது சந்தோசமாம். நானும் தாங்க்யூ எண்டன்.”

“ஏனப்பா என்னட்டக் கேக்கேல்லை?”

“நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.” தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “பேந்து, சொல்லாட்டி நல்லம் எண்டும் கிடந்தது. ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன் தம்பி. எடுபடேல்லை எண்டா பாவம் எண்டு விட்டிடுவினம். விலகீட்டான் எண்டா என்னைப் பாத்துத்தான் சிரிப்பினம். உனக்காகத்தான் பேசாமல் இருந்தனான் எண்டு சொல்ல ஏலாது. பாதி எனக்காகத்தான்.”

தனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தான். “அம்மாக்கு?” என்று மட்டும் கேட்டான்.

அப்பா இல்லை என்று தலையாட்டினார். அப்போது அம்மா மிஞ்சிய ரோல்ஸ் தட்டோடு உள்ளே வந்தாள். அழுது முடித்த முகம். தட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பேரையும் பார்க்காமல் சொன்னாள்.

“பிழை என்னிலதான்.”

“என்ன பிழை?” என்றார் அப்பா.

“சூசையப்பருக்கு ஒரு நேர்த்தி வைச்சனான். இவன் எடுபட்டா அவற்ற ஓரட்டரிக் கோயில் படியை முழங்காலில ஏறுவன் எண்டு. என்ர முழங்கால் நோவுக்குப் பயந்து, முதல் நீ தா, பேந்து நான் ஏறுறன் எண்டு பேரம் பேசிப்போட்டன். முதலே ஏறியிருக்க வேணும். பிள்ளையின்ர வாழ்க்கை, நான் கடைக்காரனோட கதைக்கிற மாதிரிக் கதைச்சுப்போட்டன்.”

“விசர்க்கதை கதையாதை மாக்கிரட்” என்று அப்பா தொடங்கினார். மகனைப் பார்த்தார். மகன் ரோல்ஸ் தட்டைப் பார்த்தான்.

“நாளைக்கு விடிய ஏறுவன்” என்றாள் அம்மா. “அடுத்த முறைக்கு.”

மறுநாள் காலை அப்பாதான் அம்மாவையும் அவனையும் காரில் கொண்டுபோய் விட்டார். கார் நிறுத்த இடம் பார்க்கிறேன் என்றவர், இடம் கிடைத்த பிறகும் இறங்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மலையின் மேல் ஓரட்டரியின் பச்சைக் குவிமாடம் வெயிலில் நின்றது. இரண்டு பக்கமும் கல் படிகள். நடுவில், முழங்காலில் ஏறுபவர்களுக்கு மட்டும் என்று விடப்பட்ட மரப்படிகள். உடற்பயிற்சிக்காகக் கல் படிகளில் ஓடி ஏறுகிறவர்கள் சிலர் அவர்களைக் கடந்து போனார்கள்.

அம்மா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு முதல் படியில் முழங்காலை வைத்தாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறின. இரண்டாவது படி. மூன்றாவதில், வலியில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. செபத்துக்குள் அதை விழுங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போனாள்.

டினோஜன் கீழே நின்று பார்த்தான். பிறகு தானும் முழங்காலில் இருந்து ஏறினான். படிகளின் அகலம் அவனுடைய கால்களுக்குக் காணாது. பாதங்கள் பின்னால் அந்தரத்தில் நின்றன. அம்மாவுக்கு ஒரு படி கீழே போய்ச் சேர்ந்தான். அங்கே அவனுடைய முகமும் அவளுடைய முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அவளுடைய காதோரத்து நரை முடி வியர்வையில் ஒட்டியிருப்பது தெரிந்தது.

“அம்மா,” என்றான். “உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்.”

அவள் கண்களைத் திறக்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்தப் படிக்கான செபம் இன்னும் முடியவில்லை. பொறு என்பதுபோல ஒரு கையை மட்டும் அவன் பக்கமாகத் தூக்கிக் காட்டினாள்.

அந்தக் கைக்கு முன்னால் அவன் காத்துக்கொண்டு நின்றான், முழங்காலில்.