மைனஸ் பக்கத்துக் கறன்ற்

கொட்டாஞ்சேனை மேல்மாடி அறைக்கு மணமகளாக வந்து மூன்று மாதமாகியும், ஜன்னலோரத்து மேசை நேசமலருக்கு அந்நியமாகவே இருந்தது. அது வானொலி திருத்தும் அவள் கணவன் வலன்ரைனின் வேலை மேசை. அவள் தேநீர் வைக்கலாம், வேறெதையும் தொடக்கூடாது.

"கறன்ற் அடிக்கும், நேசம்," என்பான், குழந்தைக்குச் சொல்வதுபோல.

யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவள் அவள். கல்யாணம் பேசியவர்கள் 'ரீச்சர்' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை. கணவனின் வேலையில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று அவள் மனம் ஏங்கியது. வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் அந்தச் சனிக்கிழமை அவன் முகம் வாடிக் கிடந்தது. முதன்முதலாகத் தானே கட்டிய அம்பிளிபயர், பாட்டுப் பெட்டிக்கான ஒலிபெருக்கி. தன் தங்கையின் கல்யாணத்துக்கென்று அதைச் சொல்லிச் செய்வித்த தெமட்டகொடை ஸமீம் நாலு மணிக்கு எடுக்க வருவார். அதுவோ போட்ட ஐந்தாம் நிமிடம் ரான்ஸ்போமர் சுட, கரகரவென்று இரைந்தது.

"எவ்வளவு கறன்ற் இழுக்குது?" அவள் கேட்டேவிட்டாள்.

அவன் வியப்போடு திரும்பினான். "பிளஸ் பக்கம் நாப்பது மில்லி அம்பியர். அது சரியான அளவு."

"மைனஸ் பக்கம்?"

"அதை ஏன் அளப்பான்? போறதுதானே திரும்பி வரும்."

போரால் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், கார் பற்றறியில் வானொலி பாடவைத்துத் தொழில் பழகியவன். ஒரு பற்றறி, இரண்டு வயர். அவன் கைக்குத் தெரிந்த உலகம் அது.

"இதிலை பிளஸ், மைனஸ், நடு எண்டு மூண்டு வயரல்லோ? நடு வயராலையும் திரும்பி வரும். மைனஸைத் தனிய அளக்கவேணும்."

"ஒருக்கா வைச்சுப் பாத்தனான். முள்ளு பூச்சியத்துக்குப் பின்னாலை போய் அடிக்குது. மீற்றர் பழுது."

"மீற்றரின்ரை சிவப்பு வயரைப் பவர் சப்ளைப் பக்கம் வைச்சனீங்களோ?"

"ஓம், பிளஸிலை வைச்ச மாதிரித்தான்."

"இங்கை கறன்ற் சப்ளைக்குள்ளை போகுது. சிவப்பை அம்பிளிபயர் பக்கம் வையுங்கோ."

"உமக்கு ஆர் இதெல்லாம் பழக்கினது? கொன்வென்ற்றிலை சமையலோடையோ?"

"சமையல் பழக்கேல்லை. அது சாப்பிட்ட உங்களுக்குத் தெரியும். நான் பௌதிக ரீச்சர்."

அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். பிறகு மைனஸ் வயரைக் கழற்றி, மீற்றரின் இரண்டு முனைகளையும் அவளிடம் நீட்டினான்.

இத்தனை வருடம் இதையெல்லாம் கரும்பலகையில் வரைந்தவளே தவிர, தொட்டவளல்ல. முனைகளை வைத்தாள். அவன் சுவிச்சைப் போட்டான். முள் முன்பக்கமாக எழுந்து முந்நூறைத் தாண்டிப் போயிற்று.

"நிப்பாட்டுங்கோ."

பலகையை அவன் விரலால் தடவினான். மைனஸ் பக்கத்து மின்தேக்கியான கண்டென்சர் கொதித்தது. அதன் பிளஸ் காலை அவன் வழக்கம்போலச் சப்ளை வயரிலேயே ஒட்டியிருந்தான்.

"இந்தப் பக்கத்திலை அது நடு வயருக்கெல்லோ போகவேணும்," என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஸமீம் வீட்டிலை வெடிச்சிருக்கும்."

புதியதொன்றைத் திருப்பி ஒட்டி மறுபடி அளந்தார்கள். நாற்பத்திரண்டு. இரைச்சல் இல்லை.

"மூண்டு மாசமா உம்மட்டை ஒண்டும் கேக்கேல்லை, என்ன?"

அவன் எழுந்து, ஆணிப் பேணிகளையும் வயர்ச் சுருள்களையும் ஒரு பக்கமாகத் தள்ளி, குசினிக் கதிரையைத் தூக்கி வந்து போட்டான்.

"இருமன். மற்ற ஸ்பீக்கருக்குப் போற சனலையும் நீரே அளந்து சொல்லும். நான் எழுதிறன்."

கதிரை உயரம் குறைந்து பதிவாக இருந்தது. மேசை அவள் நெஞ்சுக்கு வந்தது. அதைச் சொன்னால் எழுப்பிவிடுவானோ என்று பேசாமல் இருந்து அளந்தாள்.