இரவல் கம்பளி

அந்தக் கால கிரேக்க நாட்டில், நிகோபோலிஸ் ஊரில் கல்லியாஸுக்கு என்ன குறை? ஆலிவ் தோப்பு இருந்தது, கப்பலில் பங்கு இருந்தது. ஆனாலும் மனுஷனுக்கு ஸ்டோயிக் தத்துவப் பித்து தலைக்கேறியிருந்தது. கஷ்டம் வருமுன்பே அதைப் பழகிக்கொண்டால் மனம் உரமாகும் என்று அந்தத் தத்துவப் பாடசாலையில் சொல்வார்கள். அதற்காகக் குளிர்காலத்தில் சில நாள் ஏழையாக வாழ்ந்து பார்ப்பது வழக்கம். மற்றவர்கள் சந்தையில் முரட்டுத் துணி வாங்கிப் போர்த்திக்கொள்வார்கள். நம்மாளுக்கு அது வெறும் கூத்தாகப் பட்டது.

"எனக்கு அசல் வேணும்," என்று அடிமை மானெஸ் முன்னால் போய் நின்றார். "உன் கம்பளியையும் பாயையும் குடு. உன் வாற்கோதுமை ரொட்டியும் எனக்குத்தான்."

மானெஸ் என்ன சொல்வான், பாவம். எடுத்துக் கொடுத்தான். அடுப்படியில் அவன் படுக்கும் இடத்தில் கல்லியாஸ் படுத்துக்கொண்டார். அவன் எங்கே போய்ப் படுப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மாடியில் அவருடைய மெத்தை சும்மா கிடந்தது.

முதலில் பல் கிடுகிடுத்தது. போகப் போக உடம்பு பழகியது. கடைசி நாள் காலையில் தன் மனசு இரும்பாகிவிட்டது என்றே நம்பினார். அன்று பாடசாலையில் அவர் பேசுவதாக ஏற்பாடு.

கம்பளியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் மானெஸைக் காணோம். மாட்டுக்கொட்டிலில் ஈர வைக்கோலில் சுருண்டு கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது, மூச்சு இழுத்தது. கல்லியாஸின் மனைவி மிர்ட்டோ அவன் நெஞ்சில் சூடான எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழைக்கிறது கஷ்டம்னு வைத்தியர் சொல்லிட்டுப் போறாரு," என்றாள்.

கல்லியாஸுக்குப் பாடம் நாக்கு நுனியிலேயே இருந்தது. "நோய் நம்ம வசத்துல இல்ல மிர்ட்டோ. தாங்கிக்கிறதுதான் நம்ம வசம்."

"நோய் நம்ம வசத்துல இல்லதான். இவன் போர்வைய வாங்கிக்கிட்டது?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க ஏழை வேஷம் போட இவன்தான் கெடச்சானா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இவன்."

"யாருகிட்ட? உங்ககிட்டயா?"

மானெஸ் கண் திறந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. "எசமான், கம்பளி நாத்தம் அடிச்சிருக்கும். தொவைக்காம குடுத்துட்டேன். மன்னிச்சுக்கணும்."

கல்லியாஸ் கூனிக் குறுகிப்போனார். மானெஸைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறி, தன் மெத்தையில் கிடத்தினார்.

வாசலில் சிநேகிதன் பிலோனிடஸ் வந்து நின்றான். "என்னப்பா, எல்லாரும் காத்திருக்காங்க. குளிரத் தாங்கின கதையச் சொல்ல வா."

"தாங்கினது நான் இல்ல. மேல கெடக்கிறான் பாரு, அவன். சாகக் கெடக்கிறான், என்னால."

பிலோனிடஸுக்குப் பாதிதான் காதில் ஏறியது. "அடேயப்பா, தற்பெருமைகூடப் போயிடுச்சா உனக்கு!" என்று தோளில் தட்டிவிட்டு, அதையே போய்ப் பாடசாலையில் சொன்னான்.

மானெஸ் எப்படியோ பிழைத்துக்கொண்டான். இருமல் மட்டும் போகவில்லை. பாடசாலையில் இன்றைக்கும் கல்லியாஸின் அடக்கத்தைப் புகழ்வார்கள். அப்போதெல்லாம் அவருடைய மேலங்கியோடு வெளியே காத்து நிற்கும் மானெஸ் இருமுவது கேட்கும். கல்லியாஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார். அவனை விடுதலை செய்ய ஒரு வார்த்தை போதும். அது அவர் வசத்தில்தான் இருக்கிறது. இன்னும் அவருக்கு மனசு வரவில்லை.