வாசற்படியில் நின்ற மூக்கு

திருஞானசம்பந்தம் எந்த வீட்டுக்கு ஆய்வுக்குப் போனாலும் வாசற்படியைத் தாண்டமாட்டார். வலது காலைப் படியில் ஊன்றுவார். இடது கால் தெருவிலேயே நிற்கும். ஷூவைக் கழற்றி மாட்ட நேரமில்லை என்று சாக்குச் சொல்வார். தலையை மட்டும் உள்ளே நீட்டி, கண்ணை மூடி, மூச்சை ஒருமுறை ஆழமாக இழுப்பார். ஆய்வு அத்துடன் முடிந்தது. இழுத்த மூச்சை வெளியே விடுவதற்குள் முடிவு அவர் மனத்தில் எழுதப்பட்டிருக்கும்.

எழுந்து நடமாட முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்க அரசு மாதந்தோறும் ஓர் உதவித்தொகை கொடுக்கிறது. அதைப் பெறுகிறவர்களுக்கு உண்மையிலேயே முழுநேரமும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு தேடிப் போய்ப் பார்த்து எழுதுவது அவருடைய வேலை. பல ஆண்டுகளுக்கு முன் முக்கூடல் பக்கம் ஒருவன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு முனகிக் கிடந்தான். திருஞானசம்பந்தத்தின் மூக்கில் ஏறியதோ பீடிப் புகையும் மீன் வறுத்த வாசமும். போர்வையை இழுக்கச் சொன்னார். உள்ளே அவன் செருப்புக் காலோடு கிடந்தான். மேலதிகாரி அன்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு தட்டுதான் அவரைக் கெடுத்தது.

"படுக்கையில கெடக்க சீவன்னா ஒரு வாடை இருக்கும்வே. அதை யாராலயும் மறைக்க முடியாது. வாடை இல்லையா, ஆளு கள்ளன்" என்று ஜீப் ஓட்டும் தேவசிகாமணியிடம் அடிக்கடி சொல்வார். தேவசிகாமணி கியரை மாற்றிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆனி மாதம் ஒரு காலை, சேரன்மகாதேவியைத் தாண்டிக் கால்வாய்க் கரையோரத் தெரு ஒன்றில் ஜீப் நின்றது. அங்கேதான் இசக்கிமுருகனும் அவன் மனைவி முத்துராணியும் இருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடவுக்குப் போன பெண்களை ஏற்றிவந்த லோடு ஆட்டோ கவிழ்ந்ததில் முத்துராணிக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அன்று முதல் கழுத்துக்குக் கீழே உடம்பில் எதுவும் அவள் சொல் கேட்பதில்லை. அதற்கு ஈடாக வாய் மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்தது.

சர்க்கார் அதிகாரி வருகிறார் என்றால், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தயாராவதுபோல் வீட்டைத் தயார் செய்வதுதான் அந்தத் தெருவின் மரியாதை. இசக்கிமுருகன் விடியுமுன் எழுந்து வெந்நீர் போட்டு மனைவியைக் குளிப்பாட்டினான். துவைத்த உடை உடுத்தினான். தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னி, முகத்துக்குப் பவுடர் பூசி, பிச்சிப்பூச் சரத்தைச் சூட்டினான். தரையை இரண்டு முறை கழுவினான். அதிகாரி வந்து நின்றபோது அவன் கைகளில் ஈரம் காயவில்லை.

படியில் வலது கால். கண் மூடியது. மூச்சு உள்ளே போனது. சோப்பும் பவுடரும் பிச்சிப்பூவும் மணந்தன. வேறொன்றும் இல்லை.

"யாருவே நோயாளி?"

"இவதான் சார், எம்பொஞ்சாதி."

"பூ வச்சு, பவுடர் போட்டு, கலியாண வீட்டுக்குக் கெளம்புன மாதிரில்லா இருக்கு!"

"நீங்க வாரியன்னுதான் சார் இந்தச் சோடனை" என்று கட்டிலிலிருந்து முத்துராணி சிரித்தாள். "இல்லைன்னா இந்த மனுசன் பவுடர் டப்பாவ வெளியவே எடுக்கமாட்டாரு. உள்ள வாங்க சார். மோர் கலக்கி வச்சிருக்காரு."

"வாய் நல்லாத்தான் பேசுது" என்றார் திருஞானசம்பந்தம். பிறகு இசக்கிமுருகனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "நீரு என்னவே வேலை பாக்கீரு?"

"இவளப் பாக்கதுதான் சார் வேலை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் படுக்க வைக்கணும். சோறு ஊட்டணும். மத்ததும் எல்லாம் நாந்தான்..."

"தூண் கணக்கா இருந்துக்கிட்டு, பொண்டாட்டி கட்டிலைக் காட்டி சர்க்கார் காசத் திங்கீரு. வெக்கமா இல்லையாவே?"

இசக்கிமுருகன் ஈரக் கைகளை வேட்டியில் துடைத்தான். முத்துராணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

'முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் நிலையில் இல்லை' என்று ஜீப் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்திட்டார் அவர்.

"சார், உள்ள போயி ஒரு எட்டுப் பாத்திருக்கலாம்" என்றார் தேவசிகாமணி.

"மூக்கு பாத்துட்டுய்யா. வண்டிய எடும்."

அடுத்த மாதமே உதவித்தொகை நின்றது. இசக்கிமுருகன் மனு எழுதிக்கொண்டு வந்தான். வேறு வழியில்லாமல் செங்கல் சுமக்க அரை நாள் போனதாகவும், திரும்பி வந்தபோது மனைவியின் முகத்தில் கட்டெறும்பு மொய்த்திருந்ததாகவும், கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குக் குரலே போய்விட்டதாகவும் அதில் எழுதியிருந்தான். அந்த வரிகள் மனுவின் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. திருஞானசம்பந்தம் முதல் பக்கத்தோடு மடித்துவைத்தார். ஆனாலும் மனு வந்தால் மறுபடி பார்க்கவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மறு ஆய்வுக்குப் புதன்கிழமை என்று நாள் குறித்தார்.

அந்தப் புதன்கிழமை அம்பாசமுத்திரத்தில் மைத்துனரின் புதுவீட்டுப் பால்காய்ப்பு வந்தது. மாலையில் இசக்கிமுருகன் தொலைபேசியில் கேட்டான்: "சார், இன்னைக்கு வருவியன்னு..."

"நாளைக்கு வாரேன்வே."

வியாழக்கிழமை கூட்டம். "நாளைக்கு." வெள்ளிக்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. "நாளைக்கு." சனியும் ஞாயிறும் விடுமுறை என்பது இசக்கிமுருகனுக்குத் தெரியவில்லை; அப்போதும் கூப்பிட்டான். அவன் குரல் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே வந்தது.

"சார், எப்பம்னாலும் வாங்க. ஆனா சீக்கிரமா வாங்க சார்."

"அவசரமா உமக்கு? நாளைக்கு வாரேன்னு சொன்னா வருவேன்" என்று அவர் வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற தேவசிகாமணியின் முகம் ஏன் கறுத்தது என்று அவர் கவனிக்கவில்லை.

மறு புதன்கிழமைதான் ஜீப் அந்தத் தெருவுக்குள் நுழைந்தது. வண்டி நிற்குமுன்பே வாடை வந்தது. வாசற்படியில் கால் வைத்ததும் திருஞானசம்பந்தத்தின் தலை தானாகவே பின்னால் போனது. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டார். ஆனால் அவர் மனம் நிறைந்திருந்தது. பல ஆண்டு அனுபவம் பொய்க்கவில்லை.

"இப்பம்தான்யா இது உண்மையான கேசு. போன தடவ வந்தப்ப நல்லாத்தான இருந்தா? பொண்டாட்டிய இப்பிடியாவே நாறப் போட்டு வச்சிருப்பீரு? மனுசனாவே நீரு?"

இசக்கிமுருகன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. அதிகாரி காகிதத்தைக் கதவின்மேல் வைத்து எழுதினார்: 'முழுநேரப் பராமரிப்பு தேவை.'

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது பழைய குரலாக இல்லை. காய்ச்சலில் காய்ந்து கரகரத்தது.

"எழுதிட்டாராங்க?"

"எழுதிட்டாரு" என்றான் இசக்கிமுருகன்.

"கையெழுத்து?"

"போட்டுட்டாரு."

"அப்பம் தண்ணி சுட வைங்க. எனக்கே என் நாத்தம் தாங்கல." அவள் சற்று மூச்சு வாங்கினாள். "சார், போதுமா சார் நாத்தம்? இன்னும் வேணும்னா ரெண்டு நாள் கெடக்கேன்."

திருஞானசம்பந்தத்துக்கு விளங்கவில்லை. "என்னம்மா சொல்லுத?"

"நாந்தான் சார் சொன்னேன்" என்றார் தேவசிகாமணி. ஜீப்பிலிருந்து இறங்கி அதிகாரியின் பின்னால் வந்து நின்றிருந்தார். "மனு குடுக்க வந்தவன் ஆபீஸ் வாசல்ல நின்னு அழுதான். 'ஏலே, ஐயா கண்ணால பாக்கமாட்டாரு, மூக்காலதான் பாப்பாரு. சுத்தமா வச்சிருந்தேன்னா மறுபடியும் காச வெட்டிருவாரு'ன்னு சொன்னேன். ஒரு நாளுதானேன்னு நெனச்சேன். நீங்க ஏழு நாளு ஆக்குவியன்னு எனக்குத் தெரியுமா?"

"நான் மாட்டேன்னேன் சார்" என்று இசக்கிமுருகன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "இவதான் ஒத்தக் கால்ல நின்னா. தொடாதீங்க, திருப்பாதீங்க, திருப்பினா துணி மாத்தத் தோணும்னு சொல்லிட்டா."

"ஒத்தக் கால்லயாவது நிக்க முடிஞ்சுதே" என்றாள் முத்துராணி.

"அதுக்காக ஏழு நாளா? இடையில ஒருக்க கழுவியிருக்கக் கூடாதா?" என்று அதிகாரி கத்தினார்.

இசக்கிமுருகன் அப்போதுதான் நிமிர்ந்தான். "கழுவிட்டா மறுபடி வாடை வர ரெண்டு நாளாவும் சார். நீங்க நாளைக்கு வாரேன்னிய. ஒவ்வொரு நாளும் நாளைக்குன்னுதான சொன்னிய."

பிறகு எழுந்துபோய், ஏழு நாளாகத் தொடாத மனைவியை ஒரு பக்கமாகத் திருப்பினான். விரிப்பு அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. கறுத்த சதைக்கு நடுவே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவளுக்கு வலி தெரியாது. அதனால் அவள் கணவனின் முகத்தைப் பார்த்துத் தன் முதுகை அறிந்துகொள்ள முயன்றாள்.

"ஏங்க, ரொம்பவா இருக்கு?"

அவளை ஜீப்புக்குத் தூக்க, அவன் விரிப்பின் தலைமாட்டு முனை இரண்டையும் பிடித்தான். தேவசிகாமணி கால்மாட்டில் ஒரு முனையைப் பிடித்தார். நான்காவது முனைக்கு ஆள் இல்லை. கைக்குட்டை எப்போது கீழே விழுந்தது என்று திருஞானசம்பந்தத்துக்குத் தெரியாது. ஷூக் காலோடு படியைத் தாண்டி உள்ளே போய் அந்த முனையைப் பிடித்துத் தூக்கினார். ஆஸ்பத்திரி போகும்வரை அவர் மூக்கைப் பொத்தவில்லை.

நான்கு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் மருந்தோடு போயிருக்கும் என்றார் மருத்துவர். இப்போது குழி மூட ஓர் ஆண்டு ஆகலாம், மூடாமலும் போகலாம்.

இருபது நாள் கழித்து, காய்ச்சல் தணிந்த பிறகு, திருஞானசம்பந்தம் முத்துராணியின் கட்டிலருகே போய் நின்றார். ஆரஞ்சுப் பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏம்மா, போன தடவையே நீ விவரமா சொல்லியிருக்கலாமே?"

"நீங்க உள்ள வந்தால்லா சார் சொல்லதுக்கு?" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை; அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நான் நடவுக்காரி சார். பயிரு பச்சையா இருக்கு, இதுக்கு எதுக்குத் தண்ணின்னு வயக்காட்டுல யாராவது மடைய அடைப்பாவளா? தண்ணி பாயுததுனாலதான அது பச்சையா இருக்கு! எம்புருசன் தூங்காம பாச்சுன தண்ணிய நீங்க பாக்கல. பச்சையப் பாத்தீய, மடைய அடைச்சிட்டிய."

அன்று மாலை அவர் அலுவலகத்தில் பழைய கோப்புகளை இறக்கினார். 'முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் நிலையில் இல்லை' என்று அவர் கையால் எழுதிய தாள்கள் பதினொன்று இருந்தன. பதினோரு வீடுகளிலும் அவர் படிக்கு வெளியே நின்றிருந்தார். முத்துராணிக்கு நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து உதவித்தொகை வழங்கவேண்டும் என்றும், அவளுடைய புண்ணுக்குத் தானே காரணம் என்றும், வீட்டுக்குள் போகாமலேயே இத்தனை நாள் அறிக்கை எழுதியதாகவும் மேலதிகாரிக்கு எழுதிக் கையெழுத்திட்டார்.

"இதைக் குடுத்தா வேலைக்கே ஆபத்து சார்" என்றார் தேவசிகாமணி.

"வரட்டும்வே. நாளைக்குக் காலைல வண்டிய எடும்." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நாளைக்கு வேண்டாம். இப்பமே எடும்."

முதல் வீடு கல்லிடைக்குறிச்சியில். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கட்டில் சுவரோடு நிமிர்த்திச் சாத்தப்பட்டிருந்தது. மேலே ஒரு மூதாட்டியின் படம், மாலை வாடியிருந்தது. மகள் வந்து நின்றாள்.

"அம்மா போயி ரெண்டு மாசமாச்சு சார். நீங்க வந்த அன்னைக்கு சாம்பிராணி போட்டிருந்தேன். வாசமா இருக்கேன்னு சொல்லிட்டுப் போனிய. பணம் நின்ன பொறவு நான் கடைக்கு வேலைக்குப் போனேன். தனியா கெடந்து, தண்ணி தண்ணின்னு..." கும்பிட்ட அவர் கைகளை அவள் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் தெருவில் வெகுநேரம் வெறுங்காலோடு நின்றார். தேவசிகாமணி ஷூவை எடுத்து நீட்டினார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இரண்டாம் வீட்டில் ஒரு நடுவயதுப் பெண் கதவைத் திறந்தாள். அவரை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் இறுகியது. உள்ளே கட்டிலில் அவள் தம்பி. கை கால் முறுக்கிக்கொண்ட இளைஞன். துவைத்த சட்டை, வாரிய தலை. வீடெங்கும் சோப்பு வாசம்.

திருஞானசம்பந்தம் உள்ளே போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"ராத்திரியில எத்தன தடவ எழும்புதியம்மா?"

அவள் திகைத்தாள். இத்தனை ஆண்டுகளில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. வாயைத் திறந்தாள், வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

"என்ன மன்னிச்சிரும்மா" என்றார் அவர். "கெடக்க ஆளு மணமா இருந்தா, பக்கத்துல ஒரு ஆளு தூங்காம இருக்குன்னு அர்த்தம். அந்தத் தூங்காத ஆளுக்குத்தான் சர்க்கார் இந்தக் காசக் குடுக்கு. அது தெரியாம நான் எழுதிட்டேன். இப்பம் நீ சொல்லு, நான் எழுதுதேன்."

காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டு காத்திருந்தார்.