மூன்று தட்டில் அரிசி

1952 ஆடி மாதம், மலாயாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் போலீஸ் சாவடியில், வெந்த சோறு தட்டில் விழுந்ததும் மறுபடி அரிசியானது. எல்லாத் தட்டிலும் அல்ல. வெள்ளைக்கார சார்ஜன், கார்ப்பரல் ஹாஷிம், தொழிலாளர் லயத்திலிருந்து போலீசுக்குப் போன இருசப்பன், இந்த மூன்று பேர் தட்டில் மட்டும்.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அப்போது யாரும் அரிசி வைத்திருக்கக் கூடாது. பொதுச் சமையலில் வெந்த சோறுதான். தோட்டத்துக் கேட்டில் ரப்பர் பால்வாளி முதல் முந்தானை வரை சோதனை. அந்தச் சாக்கில் சார்ஜன் கை சின்னத்தாயின் மேல் போக, அவள் புருஷன் செல்லையா அதைத் தட்டிவிட்டான். மறுநாள் அவன் வாளியில் சார்ஜன் ஒரு பிடி அரிசியைப் போட்டான். மற்ற இருவரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வாளியில் கண்டெடுத்ததாகக் கையெழுத்தும் போட்டார்கள், கேடுகெட்டவர்கள். செல்லையாவை இந்தியாவுக்கு நாடு கடத்த உத்தரவு வந்தது. கப்பலுக்கு மூன்று வாரம். அதற்குள் ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும்.

சின்னத்தாய் நடையாய் நடந்தாள். மற்ற இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், உடுப்புப் போட்டவனை உடுப்புப் போட்டவன் காட்டிக்கொடுப்பது தன் ஊரில் அசிங்கம் என்றான் சார்ஜன். ஹாஷிம், "காசியான் லா" என்று மலாயில் பரிதாபப்பட்டு, பெரியவர்களை எதிர்ப்பது தங்களிடம் வழக்கமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டான். இருசப்பனாவது நம்ம ஆள் ஆயிற்றே! அவனோ, "போக்கா அந்தாண்ட. நான் சொன்னா நாளைக்கு என் பையிலயும் அரிசி கெடக்கும்" என்றான்.

"ஒங்க மூணு பேருக்கும் சோறு எறங்காதுடா" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அன்று மத்தியானம் ஆரம்பித்தது.

சமையல்காரனை இரண்டு முறை மாற்றினார்கள். கோலசிலாங்கூர் டவுனில் ஜக்கரியா சாப்பாட்டுக் கடைச் சோறும் அவர்கள் தட்டில் அரிசியாகத்தான் விழுந்தது. சட்டப்படி மூன்று பேரும் வேளைக்கு வேளை குற்றவாளிகள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். போலீஸ்காரன் தட்டிலிருப்பது அரிசி ஆகாது என்று பதில் வந்தது. மூவரும் அவித்த மரவள்ளிக்கிழங்குக்கு மாறினார்கள். உண்மையைச் சொல்வதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. செல்லையாவின் கப்பல் சொன்ன தேதியில் போனது.

அதன் பிறகு சின்னத்தாய் தினமும் மத்தியானம் தன் பங்குச் சோற்றை வாங்கிக்கொண்டு சாவடிக்கு எதிரே உட்கார்ந்தாள். கருவாட்டைப் பிய்த்து வைத்து, அவர்களைப் பார்த்தபடியே கடைசிப் பருக்கை வரை தின்றாள். மூன்று பேரும் கிழங்கை உரித்தார்கள். எழுந்து போ என்று அவளிடம் சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை.